ஒரே மரக்கால்: இஸ்லாத்தில் நேர்மையும் அறிவும்

கீழத்தஞ்சையில் 1940களில் பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் திரண்டு எழுந்தபோது, சவுக்கடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் சேர்ந்து ஒலித்தது: கள்ள மரக்கால் ஒழிய வேண்டும். குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி நெல்லைக் கொடுக்க இன்னொரு மரக்கால் என்று பல களங்களில் இரண்டு அளவைகள் புழங்கின. பி. சீனிவாசராவ் போன்றோர் வழிநடத்திய அந்த இயக்கம், 1944ஆம் ஆண்டின் மன்னார்குடி ஒப்பந்தத்தில் முத்திரை மரக்காலால்தான் அளக்க வேண்டும் என்பதை மிராசுதாரர்களை ஏற்கச் செய்தது. கள்ள மரக்காலைச் செய்வித்தவர் கணக்குத் தெரியாதவராக இருந்திருக்க முடியாது. பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலத்தில் எவ்வளவு மிஞ்சும், அறுவடை முடிவில் அது எத்தனை கலமாகும், எந்த அளவுக்குக் குறைத்தால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது என்பதையெல்லாம் அவர் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். அந்தத் துல்லியத்தை அறிவு என்று ஏற்கலாமா? நேர்மை இல்லாத கூர்மைக்கு என்ன மதிப்பு? கூர்மை இல்லாத நேர்மை மட்டும் போதுமா? இஸ்லாமியச் சிந்தனை தொடக்கத்திலிருந்தே இந்தக் கேள்விகளை எதிர்கொண்டிருக்கிறது. அது தந்த விடை நெல் விளையும் இந்தக் காவிரிப் படுகைக்கு மிக நெருக்கமானது. தனக்கும் பிறருக்கும் ஒரே அளவையை வைத்திருப்பதே அறிவின் முதல் வேலை, அந்த வேலையில் தவறுகிற அறிவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் குறையுடையது என்பதே அந்த விடை.

திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிப் பேசித் தொடங்குகிறது. பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்துகொள்கிறவர்கள், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைக்கிறார்கள் என்பதே அங்கே சுட்டப்படும் குற்றம். வசனங்கள் அருளப்பட்ட பின்னணிகளைத் தொகுத்த வாஹிதி (இறப்பு 1076), இந்த அத்தியாயத்தை ஒட்டி ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். மதீனாவில் அபூ ஜுஹைனா என்றொருவர் இரண்டு அளவைப் பாத்திரங்கள் வைத்திருந்தாராம். ஒன்றால் வாங்குவார், மற்றொன்றால் கொடுப்பார். கள்ள மரக்காலின் கதை அப்படியே இது. இதைவிட ஆழமான தொடர்பு 17ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அளக்கும்போது முழுமையாக அளக்க வேண்டும், சரியான தராசால் நிறுக்க வேண்டும் என்கிறது 35ஆம் வசனம். அடுத்த வசனமே, தனக்கு அறிவு இல்லாத ஒன்றைப் பின்தொடரக் கூடாது, செவியும் பார்வையும் உள்ளமும் விசாரணைக்கு உட்பட்டவை என்கிறது. சந்தையின் தராசும் மனத்தின் ஆராய்ச்சியும் அடுத்தடுத்து நிற்கின்றன. நெல்லைக் குறைத்து அளப்பதும், ஆதாரம் இல்லாததை உண்மை என்று நம்புவதும், பரப்புவதும் ஒரே குடும்பத்துக் குற்றங்கள் என்று இந்த அடுக்கைப் படிக்க இடமிருக்கிறது. இரண்டிலும் உள்ளதை உள்ள அளவில் ஏற்காமல், நமக்கு வேண்டிய அளவில் ஏற்கிறோம்.

நேர்மை என்பதில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்பதை ஸஹீஹ் முஸ்லிம் என்னும் நபிமொழித் தொகுப்பில் உள்ள ஒரு நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. விற்பவரிடம் காரணம் கேட்கிறார்கள். மழை நனைத்துவிட்டது என்று அவர் சொல்கிறார். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத் தானியத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லி முடிக்கிறார்கள். மழை பெய்தது வியாபாரியின் குற்றம் இல்லை. நனைந்த தானியத்தை விற்க வந்ததும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. ஈரத்தைக் கீழேயும் உலர்ந்ததை மேலேயும் வைத்ததுதான் குற்றம். குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும் டெல்டா விவசாயிக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. தொடர்மழைக் காலத்தில் அந்த வரம்பைத் தளர்த்தக் கோருவது நியாயமான கோரிக்கை, ஏனென்றால் அது ஈரத்தை மேலே வைத்துப் பேசுகிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதே சந்தையின் அடிப்படைச் சிக்கல் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார். தரத்தை மறைக்க முடிகிற சந்தையில் நல்ல சரக்கு படிப்படியாக வெளியேறிவிடும் என்பது அவருடைய முடிவு. சரக்கின் குறையை வெளிப்படுத்த வேண்டும், மறைத்தால் வாங்கியவர் திருப்பித் தரலாம் என்று இஸ்லாமியச் சட்ட நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்தது இதே சிக்கலுக்குத்தான்.

நேர்மை அறிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது இறையியல் பாடத்திலும் அடிப்படையாக இருக்கிறது. இறைத்தூதர்களுக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய பண்புகளாக அஷ்அரி மரபின் பிற்கால நூல்கள் நான்கைச் சொல்கின்றன: சித்க் என்னும் வாய்மை, அமானத் என்னும் நம்பகம், தப்லீக் என்னும் எடுத்துரைத்தல், ஃபதானத் என்னும் நுண்ணறிவு. பதினைந்தாம் நூற்றாண்டின் சனூஸி முதல் மூன்றையே பட்டியலிட்டார். 1631இல் மறைந்த எகிப்திய அறிஞர் லகானி தம் செய்யுள் நூலில் நுண்ணறிவையும் சேர்த்துப் பாடினார். இந்தச் சேர்க்கைக்குக் காரணம் எளிது. செய்தியைக் கொண்டுவருபவர் பொய் சொல்லாதவராக இருந்தால் மட்டும் போதாது. அவர் பிறரால் ஏமாற்றப்பட முடியாதவராகவும் இருக்க வேண்டும், எதிர்வாதத்தைச் சந்திக்கும் திறனும் வேண்டும். நபித்துவத்துக்கு முன்பே மக்காவில் நடந்ததாக வரலாற்று நூல்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது. கஅபாவைப் புதுப்பித்தபோது கறுப்புக் கல்லை யார் எடுத்து வைப்பது என்று குலங்களுக்குள் சண்டை மூளும் நிலை வந்தது. முதலில் உள்ளே வருபவர் தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவு செய்தார்கள். வந்தவர் 'அல் அமீன்', நம்பிக்கைக்குரியவர், என்று பெயர் பெற்ற முஹம்மது. அதனால் எல்லோரும் ஏற்றார்கள். அவர் ஒரு துணியை விரித்து, கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு குலத்தின் தலைவரையும் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கச் செய்தார். நடுவராக ஏற்கப்பட்டதற்கு நேர்மை காரணம், சண்டை தீர்ந்ததற்கு அறிவு காரணம். ஒன்று இல்லாமல் மற்றது அன்று இரத்தம் சிந்துவதைத் தடுத்திருக்காது.

இந்தக் கருத்து வெறும் போற்றுதலாக நிற்காமல் ஒரு முழு ஆய்வுமுறையாக வளர்ந்தது ஹதீஸ் என்னும் நபிமொழிகளை ஆராயும் கலையில். ஒரு செய்தியை அறிவிப்பவர் ஏற்கத்தக்கவரா என்று பார்க்க அறிஞர்கள் இரண்டு தனித்தனி நிபந்தனைகளை வைத்தார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மையான நடத்தை. மற்றொன்று ளப்து, கேட்டதைக் கேட்டபடி மனத்திலோ ஏட்டிலோ பிசகாமல் காத்துச் சொல்லும் திறன். ஒருவர் இரவெல்லாம் தொழுபவராக இருக்கலாம், பொய் சொல்ல அஞ்சுபவராக இருக்கலாம், ஆனால் நினைவு குழம்பினால் அவர் அறிவிப்பு பலவீனமானது என்று பதிவாகும். மதீனாவின் இமாம் மாலிக், கருவூலத்தையே நம்பி ஒப்படைக்கத் தகுந்த நல்லவர்கள் பலரிடமிருந்து ஹதீஸைப் பெற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னதாகப் பதிவு உண்டு. அவர்கள் இந்தத் துறைக்கு உரியவர்கள் அல்லர் என்பது அவர் காரணம். இன்னும் கடுமையானது யஹ்யா இப்னு ஸயீத் அல் கத்தானின் கூற்று. நல்லடியார்கள் ஹதீஸ் விஷயத்தில் சொல்வதைவிட அதிகமாக வேறு எதிலும் பொய் சொல்லக் கண்டதில்லை என்று அவர் சொன்னதை இமாம் முஸ்லிம் தம் நூலின் முன்னுரையில் எடுத்துக்காட்டி, அவர்கள் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை, பொய் அவர்கள் நாவில் தானாக ஓடிவிடுகிறது என்று விளக்குகிறார். பக்தியை இவ்வளவு மதிக்கும் ஒரு மரபு, பக்தி உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது என்று தன் முதன்மையான நூலின் வாசலிலேயே எழுதி வைத்திருப்பது மிகப் பெரிய அறிவு நேர்மை. நல்ல எண்ணம் இருந்தால் போதும், தவறான செய்தியைப் பகிரலாம் என்று கைப்பேசியில் அனுப்பிவிடுகிற நம் காலத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

தானியமும் நேர்மையும் அறிவும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் யூசுஃப் நபியின் வரலாறு. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில், சிறையிலிருக்கும் யூசுஃபிடம் மன்னரின் கனவுக்கு விளக்கம் கேட்க வருபவர் அவரை வாய்மையாளரே என்று விளித்துத் தொடங்குகிறார். யூசுஃப் தருவது ஒரு வேளாண் திட்டம். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட வேண்டும், அறுத்ததில் உணவுக்குத் தேவையான சிறிதளவு போக மீதியைக் கதிரோடு விட்டுவைக்க வேண்டும், பின்னால் வரும் ஏழு வறட்சி ஆண்டுகளை அதை வைத்துக் கடக்க வேண்டும். மன்னர் அவரை விடுவிக்க ஆளனுப்பியபோது அவர் உடனே வெளியே வரவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட வேண்டும் என்றார். விசாரணையில் உண்மை வெளிப்பட்ட பிறகே நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கக் கேட்கிறார். அதற்கு அவர் சொல்லும் தகுதிகள் இரண்டு: பாதுகாப்பவர், அறிந்தவர். இந்த வரிசை கவனத்துக்குரியது. பதவிக்கு முன் பழி நீங்க வேண்டும், பழி நீங்கியது மட்டும் பதவிக்குப் போதாது, தானியத்தை எப்படிக் காப்பது என்ற அறிவும் வேண்டும். திறந்தவெளியில் அடுக்கிய நெல் சிப்பங்கள் மழையில் முளைவிடுவதைப் பார்த்திருக்கும் டெல்டாவில், களஞ்சியப் பொறுப்பாளர் கை சுத்தமானவராக இருந்தால் மட்டும் நெல் காப்பாற்றப்படாது என்பதை விளக்கத் தேவையில்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். வஞ்சகர்கள் வெற்றி பெறுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பொய்யைக் கட்டிக்காக்க நினைவாற்றலும் முன்யோசனையும் வேண்டும். பிழைக்கத் தெரிந்தவர் என்று ஊர் பாராட்டுவதும் அத்தகையவர்களைத்தானே? இதை மறுக்க வேண்டியதில்லை. திருக்குர்ஆனும் மறுக்கவில்லை, சூழ்ச்சி செய்வோரின் திறமையைப் பல இடங்களில் விவரிக்கிறது. கேள்வி, அந்தத் திறமை எதைக் காணத் தவறுகிறது என்பதுதான். கள்ள மரக்கால் வைத்திருந்தவர் சரியான மரக்கால் எது என்பதை அறிந்தவர், ஏனென்றால் தாம் வாங்கும்போது அளவு குறைய அவர் விடவில்லை. தமக்கு நியாயம் என்று அறிந்ததை அடுத்தவருக்கு நியாயம் இல்லை என்று வைத்துக்கொள்வதற்கு அவரால் எந்தக் காரணமும் காட்ட முடியாது. அந்த இடத்தில் அவருடைய சிந்தனை நின்றுவிடுகிறது, அல்லது அவரே அதை நிறுத்திவைக்கிறார். முன்னே உள்ள லாபத்தைக் கணக்கிடும் அறிவு, தன்னையே கணக்கில் சேர்க்க வேண்டிய இடத்தில் விலகிக்கொள்கிறது. விளைவுகளைப் பார்த்தாலும் இது தெரியும். கள்ள மரக்காலின் லாபம் உண்மைதான், ஆனால் அதைக் கொண்டு சேர்த்தவர்கள் களத்தில் நின்றவர்களின் நம்பிக்கையை இழந்தார்கள், இறுதியில் அளவையின் மீதிருந்த அதிகாரத்தையே இழந்தார்கள்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது, அதை எழுப்புவது இஸ்லாமிய மரபே. நேர்மையும் திறமையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அரிது என்று இப்னு தைமிய்யா (1263–1328) ஆட்சி பற்றிய தம் நூலில் வெளிப்படையாக எழுதுகிறார். பாவியின் வலிமையையும் நம்பகமானவரின் இயலாமையையும் எண்ணி கலீஃபா உமர் அவர்கள் இறைவனிடம் முறையிட்டதை அங்கே நினைவூட்டுகிறார். இரண்டும் சேர்ந்த ஆள் கிடைக்காவிட்டால், போர்ப் பொறுப்புக்கு வலிமையையும், பொதுப்பணத்தைக் காக்கும் பொறுப்புக்கு நம்பகத்தையும் முன்னிறுத்த வேண்டும் என்பது அவர் வழி. அப்படியென்றால் இரண்டும் பிரிக்க முடியாதவை என்ற வாதம் உடைந்துவிடாதா? உடையாது, திருத்தம் பெறும். மனிதர்களிடம் இவை பிரிந்து காணப்படுகின்றன, அதனால்தான் ஒவ்வொன்றும் மற்றதை எதிர்பார்த்து நிற்கிறது. இந்தப் பிரிவை ஈடுசெய்யவே மரபு அமைப்புகளை உருவாக்கியது. கடனை எழுதிவை, சாட்சி வை என்கிறது திருக்குர்ஆன் 2:282. நீதிபதியின் தகுதிகளைச் சொல்லும் மாவர்தி (இறப்பு 1058), சட்டப் பொறுப்பு ஏற்கப் போதுமான சாதாரண அறிவு அவருக்குப் போதாது, நுட்பமாகப் பகுத்தறியும் திறனும் மறதியிலிருந்தும் கவனக்குறைவிலிருந்தும் விலகிய தெளிவும் வேண்டும் என்கிறார், நேர்மையைத் தனி நிபந்தனையாக வைக்கிறார். சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிகளுக்காக எழுதப்பட்ட கையேடுகள், தானிய வியாபாரி, மாவரைப்பவர், எண்ணெய் விற்பவர் என்று தொழில்வாரியாக ஏமாற்று வித்தைகளைப் பட்டியலிடுகின்றன. நேர்மையான அதிகாரி வஞ்சகர் அறிந்த அத்தனையையும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். முத்திரை மரக்காலும் அதே சிந்தனையின் பிள்ளை. ஆளின் குணத்தை மட்டும் நம்பாமல், எவரும் சோதித்துப் பார்க்கத்தக்க அளவையை நடுவில் வைக்கிறது.

மூன்றாவதாக, சில இடங்களில் பொய்யை இஸ்லாம் அனுமதிக்கிறதே என்று கேட்பார்கள். போரிலும், பகைத்தவர்களைச் சமாதானம் செய்வதிலும், கணவன் மனைவிக்கு இடையிலும் உண்மைக்கு மாறான சொல்லுக்கு இடம் உண்டு என்ற அறிவிப்பு இருக்கிறது. கஸ்ஸாலி (1058–1111) இதை நிறுத்து ஆராய்கிறார். பேச்சு ஒரு நோக்கத்தை அடையும் வழி. நல்ல நோக்கத்தை உண்மையாலும் அடைய முடியுமானால் பொய் விலக்கப்பட்டது. உண்மை சொன்னால் ஓர் அப்பாவியின் உயிர் கொலையாளியின் கைக்குப் போகும் என்றால், அங்கே மறைப்பது கடமை. இந்த வாசலைத் திறந்தால் ஆசை அதைப் பெரிதாக்கிவிடும் என்பதால் முடிந்தவரை விலகியிருப்பதே நல்லது என்றும் அவர் எச்சரிக்கிறார். விதிவிலக்குகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை பிறருடைய உயிரையும் உறவையும் காக்கின்றன. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைக்க அவற்றில் எதுவும் உதவாது. எது விதிவிலக்கு, எது சாக்கு என்று பிரிக்க நேர்மையாளருக்கு அறிவு வேண்டும், அந்த அறிவு தனக்குச் சாதகமாக வளையாமல் இருக்க நேர்மை வேண்டும்.

நான்காவது மறுப்பு மதத்துக்கு வெளியிலிருந்து வருவது. நம்பிக்கை கீழ்ப்படியச் சொல்கிறது, அறிவு கேள்வி கேட்கச் சொல்கிறது, இரண்டையும் ஒருவர் நேர்மையாக வைத்திருக்க முடியுமா? இதற்கு டெல்டாவில் வாழ்ந்து காட்டிய பதில்கள் உண்டு. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலைச் சேர்ந்த பா. தாவூத்ஷா (1885–1969) அரசுப் பணியைத் துறந்து எழுத்துக்கு வந்தவர். 1920களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அவர் நடத்திய 'தாருல் இஸ்லாம்' இதழ், புரியாமல் ஓதுவதோடு நின்றுவிடாமல் திருக்குர்ஆனைத் தமிழில் பொருளறிந்து கற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பழக்கத்தால் மட்டும் நிலைத்த நடைமுறைகளைக் கேள்விக்கு உட்படுத்தியதால் உலமாக்களில் ஒரு சாராரின் கடும் எதிர்ப்பையும் அவர் சந்தித்தார். அவருடைய எல்லா முடிவுகளையும் ஒருவர் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தம் இதழில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்போருக்குப் பரிசு தருவதாக அறிவித்த அந்த மனப்போக்கு, ஹதீஸ் அறிஞர்கள் கேட்ட துல்லியத்தின் நேர் வாரிசு. பிறர் நம்பிக்கையில் பிழை தேடுகிறவர் தம் அச்சுப் பக்கத்திலும் பிழை தேடப்படுவதை வரவேற்றார். அளவை இரு பக்கமும் ஒன்றாக இருந்தது.

நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் (1921–2005) இன்னொரு சான்று. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டது பற்றி விசாரிக்கும் ஆணையம் பின்னர் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூடிய சுவர்களுக்குள் நடந்ததை, முரண்பட்ட சாட்சியங்களிலிருந்து சலித்தெடுத்து, தாக்குதல் நடந்தது என்று அவர் அறிக்கை பதிவு செய்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தபோது 1981இல் கேரளத்துக்கு இடமாற்றம் செய்யப்பட்டார், அதை ஏற்காமல் பதவி விலகினார். கம்பனில் தோய்ந்த அவர், வாலி வதத்தை 'மூன்று வினாக்கள்' என்ற நூலில் ஆராய்ந்தார். தாம் நேசிக்கும் காவியத்தின் மிகச் சிக்கலான இடத்தைத் தவிர்த்துவிட்டுப் போகாமல் அதையே எடுத்து விசாரித்தது, நேசத்தையும் ஆராய்ச்சியையும் ஒன்றுக்கொன்று எதிரியாக அவர் எண்ணவில்லை என்பதைக் காட்டுகிறது. தனக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று திருக்குர்ஆன் 4:135 கேட்பதை, நேசத்துக்குரியதையும் விசாரிக்கும் துணிவாக விரித்துப் படிக்கலாம்.

இவ்வளவும் நூல்களிலும் சிலருடைய வாழ்விலும் இருக்கிறது என்பதால் சமூகம் அப்படியே நடந்தது என்று சொல்லிவிட முடியாது. முஸ்லிம் வணிகர்களும் நிலக்காரர்களும் எல்லா ஊர் மனிதர்களையும் போன்றவர்களே. 83ஆம் அத்தியாயத்தை மனப்பாடமாக ஓதியவர் கடையிலும் தராசு சாயலாம். மரபே இதை எதிர்பார்த்ததால்தான் முஹ்தஸிபையும் சாட்சியையும் எழுத்தையும் ஏற்படுத்தியது. நம் கல்வியில் நேர்மை ஒழுக்கப் பாடமாகவும் அறிவு தேர்வு மதிப்பெண்ணாகவும் பிரிந்து கிடக்கின்றன. நல்லவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் கணக்கிலும் கூட்டுறவுச் சங்கத்தின் பெட்டியிலும் அமர்த்துகிறோம், கெட்டிக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொருவரிடம் நிர்வாகத்தைக் கொடுக்கிறோம். இரண்டு தேர்வும் பாதித் தேர்வுகள். வக்ஃப் சொத்தை நிர்வகிப்பவரிடம் நம்பகமும் திறனும் சேர்ந்தே கேட்ட ஃபிக்ஹ் என்னும் சட்ட நூல்கள் நமக்கு நேர்வழியைச் சொல்கின்றன: பொறுப்பில் அமர்பவரிடம் இரண்டையும் கேளுங்கள், இரண்டும் முழுதாகக் கிடைக்காத இடத்தில் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். நேர்மையானவருக்கு அந்தத் திறந்த கணக்கு ஒரு சந்தேகம் ஆகாது. தம் அளவையைப் பிறர் சோதிப்பதை விரும்பி ஏற்பவரிடமே நேர்மையும் அறிவும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.